விதிக்குப் பின்னே ஒரு வேதிவினை

2008 டிசம்பர் 29. கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், ஒரு குப்பியிலிருந்து திரவத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. அவர் கையில் இருந்தது 60 மில்லிலிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் சிரிஞ்ச். உள்ளே ஏறிக்கொண்டிருந்தது, பென்டேன் என்ற கரைப்பானில் கரைத்த டெர்ட்-பியூட்டைல் லித்தியம். காற்று பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் பொருள் அது.

சிரிஞ்சின் உந்துதண்டு கழன்று வெளியே வந்துவிட்டது. திரவம் கையிலும் உடையிலும் சிந்தியது, சிந்தியதும் எரிந்தது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. உடுத்தியிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அவசரக் காலத்தில் உடல் முழுக்க நீர் கொட்டும் குழாய் அதே அறையில் இருந்தும், அதனடியில் அவர் போய் நிற்கவில்லை. உடலின் 40 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோனது. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று அவர் இறந்தார்.

சரியாக ஓராண்டு கழித்து, 2009 டிசம்பர் 29 அன்று, மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியல் ஆய்வகத்தில் தீப்பிடித்து இரண்டு இளம் ஆய்வாளர்கள் உயிரிழந்தார்கள். 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் வாயு சிலிண்டர் வெடித்து ஓர் இளம் ஆய்வாளர் மாண்டார். இடங்களும் பொருள்களும் வேறுவேறு. இறந்தவர்கள் எல்லோரும் இளையவர்கள் என்பது மட்டும் மாறவில்லை.

ஆய்வகச் சுவரில் ஒட்டிய பாதுகாப்பு விதிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோட் போடு, கண்ணாடி அணி, முடியைக் கட்டு, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. பாடத்தோடு சேராத ஒழுங்கு நடவடிக்கையாகவே பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேதிவினை இருக்கிறது. அந்த வினை புரிந்தவர், யாரும் கண்காணிக்காத விடுமுறை நாளிலும் விதியைக் கடைப்பிடிப்பார். புரியாதவர், அவசரமான ஒரு நாளில் அதைக் கைவிடுவார். இந்த அத்தியாயம் அந்த வினைகளைப் பற்றியது.

காற்றே தீக்குச்சியாகும் போது

டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தில் ஒரு கார்பன் அணு லித்தியத்தோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்களைக் கார்பன் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால், ஒரு புரோட்டான் எங்கே கிடைக்கும் என்று அது அலைகிறது. காற்றின் ஈரப்பதத்தில் உள்ள தண்ணீர் மூலக்கூறே அதற்குப் போதும். வினை முடிந்ததும் மிஞ்சுவது லித்தியம் ஹைட்ராக்சைடும் ஐசோபியூட்டேன் வாயுவும், கூடவே ஏராளமான வெப்பமும். ஐசோபியூட்டேன் நம் சமையல் எரிவாயுவில் கலந்திருக்கும் வாயுக்களில் ஒன்று. காற்றின் ஆக்ஸிஜனோடும் அந்தச் சேர்மம் நேராக வினைபுரியும். அதைக் கரைத்து வைத்திருக்கும் பென்டேனோ 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், நொடியில் ஆவியாகும் எரிபொருள். எரிபொருள், ஆக்ஸிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே சொட்டில் கூடிவிடுகின்றன. தீக்குச்சி தேவையில்லை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் செய்முறைக்கான விதிகளைப் பாருங்கள். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழ வேலை செய்ய வேண்டும். சிரிஞ்சை விளிம்புவரை நிரப்பக் கூடாது. தண்டு கடைசிவரை இழுபட்டால் உறையோடு அதற்கு இருக்கும் பிடி குறையும். குப்பிக்குள் இருக்கும் வாயு அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். அளவு அதிகமானால் சிரிஞ்சையே விட்டுவிட்டு, இருமுனை ஊசிக்குழாய் வழியே மந்த வாயுவின் அழுத்தத்தால் திரவத்தை ஒரு கலனிலிருந்து இன்னொரு கலனுக்கு மாற்ற வேண்டும். அப்போது திரவம் காற்றைப் பார்ப்பதே இல்லை.

சாங்ஜியின் விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்த பாதுகாப்புச் சோதனையிலேயே, அந்த ஆய்வகத்தில் கோட் அணிவதில்லை என்ற குறை எழுதப்பட்டிருந்தது. பிறகு வழக்கு நடந்தது. பல்கலைக்கழகம் பாதுகாப்பு நடைமுறைகளைத் திருத்த ஒப்புக்கொண்டு, சாங்ஜியின் பெயரில் கல்வி உதவித்தொகையும் ஏற்படுத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வகங்களைப் பார்க்கும் பார்வையே அந்த வழக்குக்குப் பின் மாறியது.

எரிவது ஆவி

ஒரு பீக்கர் அசிட்டோனில் தீப்பிடித்தால் திரவம் எரிவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் எரிவது அதன் மேல் நிற்கும் ஆவி. தீப்பிடிக்கப் போதுமான ஆவியை ஒரு திரவம் வெளியிடத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையை ஃப்ளாஷ் பாயின்ட் என்கிறார்கள். எத்தனாலுக்கு அது சுமார் 13 டிகிரி செல்சியஸ், டொலுவீனுக்கு 4, அசிட்டோனுக்கு மைனஸ் 20, டைஎத்தில் ஈதருக்கு மைனஸ் 45. அறை வெப்பநிலையில் இவை எல்லாமே பற்றத் தயாராகத்தான் இருக்கின்றன. ஒரு பொறி மட்டுமே பாக்கி.

பாடப்புத்தகங்கள் அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 25 டிகிரி என்று எடுத்துக்கொள்கின்றன. வேலூரிலோ திருச்சியிலோ மே மாத நண்பகலில் குளிர்சாதனம் இல்லாத கிடங்கறை 35 டிகிரியைத் தாண்டும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. அதாவது அந்தக் கிடங்கில் ஈதர் குப்பிக்குள்ளேயே கொதிநிலைக்கு வந்துவிடுகிறது. மூடியைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வரும். குளிர்நாட்டில் எழுதிய கையேட்டை நம் ஊர்க் கோடையில் அப்படியே பின்பற்ற முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஈதர் ஆவி காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாமல், மேசை விளிம்பிலிருந்து இறங்கி, தண்ணீர் வழிவதுபோலத் தரையோடு பரவும். சில மீட்டர் தள்ளி யாரோ பற்றவைத்திருக்கும் பன்சன் பர்னர் அதற்குப் போதும். தீ வந்த வழியே திரும்பிப் பாய்ந்து குப்பியை அடையும். ‘என் மேசையில் தீயே இல்லையே’ என்பது அதனால்தான் பாதுகாப்பு ஆகாது. கார்பன் டைசல்ஃபைடு இன்னும் மோசம். பொறிகூட இல்லாமல் அதன் ஆவி தானே பற்றும் வெப்பநிலை சுமார் 90 டிகிரிதான். நீராவி ஓடும் சூடான குழாயே அதைக் கொளுத்திவிடும்.

பொறி என்றதும் தீக்குச்சியை நினைக்கிறோம். ஹெக்சேன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாதவை. பெரிய டிரம்மிலிருந்து தகர டப்பாவுக்கு அவற்றை ஊற்றும்போது, ஓடும் திரவத்தில் நிலைமின்சாரம் சேர்கிறது. இரண்டு கலன்களையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்து, நிலத்தோடும் தொடுத்துவிட்டால் மின்னேற்றம் வழிந்துபோகும். இணைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொறி கலனின் வாயில், ஆவி மிகுந்த இடத்திலேயே தாவும்.

இன்னொரு பொறி வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. கதவைத் திறந்தால் விளக்கு எரிய ஒரு சுவிட்ச், குளிரைச் சீராக்க ஒரு தெர்மோஸ்டாட். இரண்டிலும் சிறு பொறி பறக்கும். ‘குளிரில் வைத்தால் பத்திரம்’ என்று ஈதரைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைப்பவர், அதன் ஃப்ளாஷ் பாயின்ட் மைனஸ் 45 என்பதை மறந்துவிடுகிறார். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் ஈதர் பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி சேர்ந்து நிற்கும். ஆய்வகங்களுக்கென்று, உள்ளே பொறி உண்டாக்கும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் தனியாகத் தயாரிக்கப்படுவது இதனால்தான்.

பழைய குப்பியின் ஆபத்து

ஈதர் குப்பி ஒன்றைத் திறந்து, கொஞ்சம் எடுத்து, மூடி, அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே புகுந்த காற்றின் ஆக்ஸிஜன் மெல்ல மெல்ல ஈதரோடு சேர்ந்து பெராக்சைடுகளை உண்டாக்கும். வெளிச்சம் பட்டால் வேகம் கூடும். டெட்ராஹைட்ரோஃப்யூரானும் இப்படித்தான். டைஐசோபுரோப்பைல் ஈதர் இவற்றில் மிகப் பொல்லாதது. அதன் பெராக்சைடு படிகமாகி மூடியின் மரைகளில் படியும். மூடியைத் திருகும் உராய்வே அதை வெடிக்கவைக்கலாம்.

காய்ச்சி வடிக்கும்போது ஆபத்து இன்னும் மறைவாக வருகிறது. ஈதர் ஆவியாகிப் போய்விடும். எளிதில் ஆவியாகாத பெராக்சைடு அடியில் தங்கிச் செறிவாகிக்கொண்டே வரும். குடுவை வற்றும் நேரத்தில்தான் வெடிப்பு. அதனால்தான் வடிக்கும் குடுவையை ஒருபோதும் வற்றவிடாதே என்கிறது விதி. குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பதும், சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சோதனையும் எளிது: அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசலோடு சிறிதளவு ஈதரைக் குலுக்கினால், பெராக்சைடு இருக்குமானால் அயோடின் விடுபட்டு மஞ்சளோ பழுப்போ தெரியும். மூடியைச் சுற்றிப் படிகம் தென்படும் பழைய குப்பியை மட்டும் சோதிக்கவும் தொடக் கூடாது. அதை அப்படியே விட்டுவிட்டு, அகற்றத் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

நூறு மில்லிகிராமும் பத்து கிராமும்

2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலை மாணவர் நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மத்தைத் தயாரித்தார். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்று வாய்மொழியாக ஓர் எல்லை இருந்தது. சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தயாரிப்பிலிருந்து மாதிரி வேண்டும் என்பதற்காகச் சுமார் 10 கிராம் செய்தார்கள், அதாவது எல்லையைப் போல நூறு மடங்கு. கட்டிகளை உடைக்க, ஹெக்சேன் ஊற்றிக் கல்வத்தில் மெதுவாக அரைத்தார் மாணவர். வேலை முடிந்ததாக நினைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு இன்னொரு முறை கிளறிவிடலாம் என்று திரும்பினார். வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம்.

அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது. சிறு அளவில் ஈரமாக இருந்தபோது வெடிக்காத பொருள், பெரிய அளவிலும் ஈரமாக இருந்தால் வெடிக்காது என்று மாணவர்கள் நம்பியிருந்தார்கள்.

அளவு கூடினால் ஆபத்து எப்படி மாறும்? சூடாகும் வினைகளுக்கு இதைக் கணக்காகவே காட்டலாம். ஒரு குடுவையின் நீள, அகல, உயரத்தை மூன்றையும் பத்து மடங்காக்குங்கள். உள்ளே இருக்கும் பொருள் ஆயிரம் மடங்காகும். வெப்பத்தை வெளியே விடும் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். உண்டாகும் வெப்பம் பொருளின் அளவோடு ஏறுகிறது, வெளியேறும் வெப்பம் பரப்போடு மட்டும் ஏறுகிறது. வெளியேற முடியாத வெப்பம் கலவையின் வெப்பநிலையை உயர்த்தும். வெப்பநிலை உயர்ந்தால் வினை இன்னும் விரையும். சோதனைக் குழாயில் இதமாகச் சூடான அதே கலவை பெரிய குடுவையில் கொதித்துச் சீறுவதற்கு இதுவே காரணம். வெடிக்கும் சேர்மமானால் கணக்கு இன்னும் நேரடியானது: பொருள் நூறு மடங்கானால் அது விடும் ஆற்றலும் நூறு மடங்கு. ‘போன தடவை ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம் போன தடவையின் அளவுக்கு மட்டுமே செல்லும்.

அலமாரியில் யார் பக்கத்தில் யார்

தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பல ஆய்வகங்களில் வேதிப்பொருள்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்குகிறார்கள். அலுமினியப் பொடிக்குப் பக்கத்தில் அம்மோனியம் நைட்ரேட் வந்து அமர்கிறது: ஒன்று எரிபொருள், மற்றது ஆக்ஸிஜனை அள்ளித் தருவது. சோடியம் சயனைடு இருக்கும் அதே எழுத்துத் தட்டில் சல்ஃப்யூரிக் அமிலமும் வந்துவிடும். இரண்டும் கசிந்து கலந்தால் கிளம்புவது உயிர் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு. எரிபவை, ஆக்ஸிஜன் ஏற்றுபவை, அமிலங்கள், காரங்கள், நீரோடு வினைபுரிபவை, நச்சுகள் என்று குணத்தால் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் வேண்டுமானால் எழுத்து வரிசை வைத்துக்கொள்ளலாம்.

கழிவுக் குப்பியும் ஓர் அலமாரிதான். நைட்ரிக் அமிலம் ஊற்றிய கழிவுக் குப்பியில் ஒருவர் அசிட்டோனோ எத்தனாலோ ஊற்றி மூடியை இறுக்கிவிட்டுப் போகிறார். வினை உடனே தெரியாது. மெல்லச் சூடேறி, நைட்ரஜன் ஆக்சைடுகள் திரண்டு, ஆளில்லாத நேரத்தில் குப்பி வெடித்துச் சிதறும். குப்பியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றியதைச் சீட்டில் எழுத வேண்டும். அரை நிமிட வேலை.

எதை எதனால் அணைப்பது

தீ என்றதும் தண்ணீருக்கு ஓடுவது நம் பழக்கம். எரியும் ஹெக்சேன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால், நீரைவிட லேசான அது மிதந்து, தீயையும் சுமந்துகொண்டு பரவும். சோடியத்தின் மேல் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். சரி, கார்பன் டைஆக்சைடு அணைப்பான்? கரைப்பான் தீக்கும் மின்சாதனத் தீக்கும் அது நல்லது. எரியும் மக்னீசியத்துக்கு அதுவே தீனி: மக்னீசியம் அந்த வாயுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு கரித்தூளை மிச்சம் வைத்துவிட்டு எரிந்துகொண்டேயிருக்கும். சோடியம் தீக்கு உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென்று தயாரித்த சோடியம் குளோரைடு பொடியோதான் வேண்டும். ஈர மணல் உதவாது. அணைப்பான்களில் அச்சிட்டிருக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகள் சொல்வது இதைத்தான்.

சிறு பீக்கரில் பற்றிய தீக்கு அணைப்பானே வேண்டாம். ஒரு வாட்ச் கிளாஸை வைத்து மூடினால் காற்று கிடைக்காமல் அணையும். அணைக்கப் போகிறவர் வெளியேறும் வழி தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும். ஓர் அணைப்பானால் அடங்காத தீ அவருடைய வேலை இல்லை. எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்துவதே அப்போது சரியான செயல்.

தண்ணீரே மருந்தாகும் இடமும் உண்டு: ஆளின் உடையில் தீ. அவசரக் குழாய்க்கான அமெரிக்கத் தர விதி நிமிடத்துக்குச் சுமார் 75 லிட்டர் வீதம் 15 நிமிடம் கொட்ட வேண்டும் என்கிறது. ஆபத்தான இடத்திலிருந்து 10 விநாடிக்குள் போய்ச்சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மொத்தம் ஆயிரம் லிட்டருக்கும் மேல். அவ்வளவு நீர் தீயை அணைத்து, தோலைக் குளிர்வித்து, ஒட்டிய வேதிப்பொருளையும் கழுவித் தள்ளும். மேல்தொட்டியில் நீர் இல்லாவிட்டால், குழாயின் கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தால், அந்தக் குழாய் வெறும் அலங்காரம். மாதம் ஒருமுறையேனும் கைப்பிடியை இழுத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

உடையும் வேதியியல்தான். பாலியெஸ்டரும் நைலானும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் உருகாது. பட்டன் போட்ட பருத்திக் கோட்டைக் கழற்றி எறிய அவகாசம் கிடைக்கும். தீத்தடுப்பு ஏற்றிய கோட் அதைவிட நல்லது. தொங்கும் துப்பட்டாவுக்கும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் மேலே ஒரு கோட் வேண்டும் என்று நம் கல்லூரிகளில் சொல்லும்போது, இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கையுறையைப் பற்றிய பாடத்தை உலகத்துக்குக் கற்பித்தது ஒரு மரணம். டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களை ஆராய்ந்த வேதியியலாளர். 1996 ஆகஸ்டில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டுக்குள் முறைப்படி வேலை செய்துகொண்டிருந்தபோது டைமெத்தில் மெர்க்குரியின் ஓரிரு சொட்டுகள் அவருடைய லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தன. அன்றைய வழக்கப்படி அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் அவர் இறந்தார். அந்தத் திரவம் சில விநாடிகளிலேயே லேடெக்ஸை ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனையில்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் தடுக்கும் கையுறை என்று எதுவும் இல்லை. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடம் என்பதைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

செய்முறை ஏட்டில் இன்னொரு பக்கம்

வேதியியலுக்குக் காயத்தைப் பெருமையாகக் கொண்டாடிய ஒரு காலம் இருந்தது. நைட்ரஜன் டிரைகுளோரைடைக் கண்டறிந்த பியர் துலோன் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். 1812இல் அதே பொருள் ஹம்ஃப்ரி டேவியின் கண்ணைக் காயப்படுத்தியது. ராபர்ட் புன்சனின் வலக்கண் பார்வை ஓர் ஆர்சனிக் சேர்மம் வெடித்ததில் போனது. அவர்கள் முன்னே யாரும் போகாத வழியில் போனவர்கள். அந்தப் பொருள் என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நமக்கு அந்த நியாயம் கிடையாது. இந்த அத்தியாயத்தில் வந்த வெப்பநிலைகளும் வினைகளும் குப்பியோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கின்றன.

அறிந்ததை வைத்து ஆபத்தையே விலக்கிவிடவும் முடியும். கரைப்பானில் உள்ள ஈரத்தைப் போக்க, சோடியம் உலோகத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிப்பது பல்லாண்டு வழக்கம்: எரியும் திரவம், எரியும் உலோகம், அடியில் சூடு. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ராபர்ட் கிரப்ஸும் சக ஆய்வாளர்களும் 1996இல் வேறு வழி காட்டினார்கள். அலுமினா நிரப்பிய குழாய் வழியே கரைப்பானைச் செலுத்தினால் போதும், சூடும் வேண்டாம், சோடியமும் வேண்டாம். கரைப்பான் சுத்தமாகவே கிடைத்தது. எந்தப் பாதுகாப்புக் கருவியாலும் தர முடியாத நிம்மதியை ஒரு நல்ல வேதியியல் யோசனை தந்துவிட்டது.

நம் பள்ளி, கல்லூரிகளின் செய்முறை ஏட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்ற தலைப்புகள் உண்டு. செய்முறைக்கு முன்னால் இன்னொரு பக்கம் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நான்கு கேள்விகள் போதும். இந்தப் பொருளின் ஆபத்தான குணம் எது? நான் எடுக்கும் அளவில் அது எவ்வளவு பெரிதாகும்? அதைக் குறைக்க வேறு பொருளோ வேறு வழியோ உண்டா? கைமீறினால் முதல் பத்து விநாடியில் நான் என்ன செய்வேன்? விடையை மாணவர் தன் சொந்த நடையில், வினையோடு சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்து ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகே குப்பியின் மூடி திறக்கப்பட வேண்டும். விடை சரியாக இல்லாத நாளில் சோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகட்டும். அந்த வாரத்தில் அந்த மாணவர் கற்றுக்கொள்வதும் வேதியியல்தான்; அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.